மாக்கிங்பேர்டும் ஸ்காட்ஸ்பரோ சிறுவர்களும்

ஹார்ப்பர் லீ எழுதிய 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவல் 1960ல் வெளிவந்து, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. கதை நடப்பது 1930களில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஒரு சிற்றூரில். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பருக்காக வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச் வாதாடுகிறார். அவருடைய பிள்ளைகள் ஸ்கவுட்டும் ஜெம்மும் கறுப்பர்கள் உட்காரும் மாடியிலிருந்து விசாரணையைப் பார்க்கிறார்கள். அப்பா ஜெயித்துவிடுவார் என்றே ஜெம் நம்புகிறான். ஜூரிகள் 'குற்றவாளி' என்றதும் அழுதுவிடுகிறான்.

ஜெம்முக்கு அது அதிர்ச்சி. ஆனால் அன்றைய அலபாமாவுக்கு அது புதிதல்ல.

1931 மார்ச் 25 அன்று ஒரு சரக்கு ரயிலிலிருந்து 9 கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களும் பிடித்து இறக்கப்பட்டார்கள். அதே ரயிலில் வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஏப்ரலில் ஸ்காட்ஸ்பரோ ஊரில் நடந்த விசாரணை நான்கே நாட்களில் முடிந்தது. ஜூரிகள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள். 8 பேருக்கு மரண தண்டனை. எல்லோருக்கும் இளையவன், ஏறக்குறைய ஜெம் வயதுக்காரன். அவன் வழக்கில் மட்டும் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை.

1933ல் மறுவிசாரணை நடந்தது. அந்தப் பெண்களில் ஒருவரே "அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று சாட்சி சொன்னார். அப்போதும் ஜூரிகள் மரண தண்டனையே கொடுத்தார்கள். நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் துணிந்து அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். விளைவு? 1934 தேர்தலில் தன் பதவியை இழந்தார்.

இந்த வழக்கிலிருந்து இரண்டு முக்கியமான தீர்ப்புகள் பிறந்தன. மரண தண்டனை வழக்கில் வக்கீல் உதவி சரியாகக் கிடைத்தாக வேண்டும் என்று 1932லும், கறுப்பர்களை ஜூரிப் பட்டியலிலிருந்து ஒதுக்கியது தவறு என்று 1935லும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டுப் பேரில் யாரும் தூக்குமேடைக்கோ மின்சார நாற்காலிக்கோ போகவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்தார்கள்.

நாவலில் நாம் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைக்காரச் சிறுமியின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். டாம் ராபின்சனின் குழந்தைகள் என்ன நினைத்தார்கள் என்பது அதில் இல்லை. இந்தக் குறையை விமர்சகர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இந்த நாவலை ஸ்காட்ஸ்பரோ வழக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

தீர்ப்பைக் கேட்டு அழுத ஜெம், அன்றிரவு தன் வீட்டில் தூங்கினான். ஏறக்குறைய அவன் வயதுடைய அந்தக் கறுப்பினச் சிறுவன் விடுதலையானது 1937ல். ஒன்பது பேரில் அதுவரை தண்டனை நீக்கப்படாமல் இருந்த கடைசி மூவருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013ல். அப்போது அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.