ஸ்டெல்லர் ஜே

ஸ்டெல்லர் ஜே, வட அமெரிக்காவின் மேற்குப்புற ஊசியிலைக் காடுகளில் வாழும் காக்கைக் குடும்பப் பறவை. அலாஸ்கா முதல் நிகராகுவா வரை காணப்படுகிறது. நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. தலையும் தோளும் கருமை. இறக்கையும் வாலும் வயிறும் ஆழ்ந்த நீலம். 1741இல் விட்டஸ் பெரிங்கின் கடற்பயணத்தில் சென்ற இயற்கையியலர் கேயோர்க் ஸ்டெல்லர், அலாஸ்காவின் காயாக் தீவில் இதைக் கண்டார். கிழக்கு அமெரிக்காவின் நீல ஜேயை முன்பே படத்தில் பார்த்திருந்தவர் அவர். அந்தச் சாயலைக் கொண்டே, தாம் இறங்கியிருப்பது அமெரிக்க மண் என்று தெளிந்தார்.

காட்டில் இப்பறவை பெரும்பாலும் முதலில் காதில்தான் படும். 'ஷாக்-ஷாக்-ஷாக்' என்று கரகரப்பாக அடுக்கிக் கத்துவது அதன் நன்கறிந்த குரல். கிலுகிலுப்பை போன்ற கடகட ஒலியைப் பெரும்பாலும் பெட்டைகளே எழுப்புகின்றன. இணைக்கு அருகில் இருக்கும்போது தாழ்ந்த குரலில் முணுமுணுக்கவும் செய்யும். செவ்வால் பருந்தின் கூவலை அச்சு அசலாக ஒலிக்கவும் இதற்குத் தெரியும். அதைக் கேட்டுச் சிறு பறவைகள் இரையை விட்டுச் சிதறுவதுண்டு. ஆனால் பாவனை ஒவ்வொன்றும் இரை பறிக்கும் தந்திரம் என்று கொள்வது அவசர முடிவு. இந்தக் காடுகளில் பருந்தின் குரல் கேட்டால், பறவையைக் கண்ணால் காணும்வரை குறிப்பேட்டில் பருந்து என்று பதியாதிருப்பதே நல்லது.

குரலோடு கொண்டையையும் கவனிக்க வேண்டும். ஜெரம் பிரவுன் 1964இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்னோடியானது. சண்டையின்போது கொண்டை எந்த அளவு நிமிர்கிறதோ அந்த அளவு தாக்கும் முனைப்பு மிகும். அடங்கிப்போகும் பறவை கொண்டையைப் படியவைக்கும். கூட்டுக்கு அருகே ஆதிக்கம் செலுத்தும் பறவை, அங்கிருந்து விலக விலக மற்றவற்றுக்கு வழிவிடும். ஆகவே மோதலைப் பதிபவர் இடத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

ஓக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் மறைத்துவைத்துக் குளிர்காலத்தில் எடுத்துண்ணும். கூட்டைச் சேற்றால் இறுக்கிக் கட்டும். பிற பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னும். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் இப்பழக்கம் கவலைக்குரியதாகிவிட்டது. முகாமிடுவோர் சிந்தும் உணவை நாடி ஜேக்கள் திரள்கின்றன. அதே முதுமரங்களின் உயர்ந்த கிளைகளில் ஒற்றை முட்டையிடும் மார்பிள்டு மர்ரலெட் என்ற அருகிவரும் கடற்பறவையின் கூடுகள் அவற்றுக்கு இரையாகின்றன. அதனால்தான் அங்குள்ள பூங்காக்கள், ஒரு பருக்கை உணவைக்கூடத் தரையில் விடக்கூடாது என்று பார்வையாளர்களை வற்புறுத்துகின்றன.