துவராடையின் துவர்

காவிக்கல்லில் தோய்த்த செந்நிற உடையே துவராடை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. துவரம்பருப்பின் நிறத்தால் வந்த பெயர் என்பாரும் உண்டு. காஷாயம் என்ற வடசொல்லின் தமிழாக்கம் என்பார் மூன்றாமவர். மூன்றும் தவறு.

கல்லில் தோய்த்ததைப் பழந்தமிழர் கல் தோய்த்தது என்றே சொன்னார்கள். முல்லைப்பாட்டில் கல் தோய்த்து உடுத்த பார்ப்பானைப் பார்க்க. துவர் வேறு. சிலப்பதிகாரத்து மாதவியின் கூந்தலுக்கான பத்துத் துவர் எவை? கடுக்காய், நெல்லி, தான்றி, கருங்காலி, நாவல், ஆல், அரசு என்று போகிறது உரைகாரர் பட்டியல். அத்தனையும் மரஞ்செடி தந்தவை. மண்ணோ கல்லோ ஒன்றுமில்லை. கடுக்காய்த் துண்டை நாக்கில் வைத்தால் வாயே உலர்ந்து இழுக்கும். துவர்தல் என்றால் உலர்தல். குளித்துத் தலை துவட்டுகிறோமே, அதுவும் இக்குடும்பம். குமரி மாவட்டத்தில் துண்டுக்குத் துவர்த்து என்றே பெயர். மலையாளத்தில் அது தோர்த்து. வாயை உலர்த்தும் சுவை துவர்ப்பு, அச்சுவையுள்ள பட்டையும் காயும் துவர், அதில் ஊறியது துவராடை. அந்த ஆடையின் செம்மைதான் பிறகு உதட்டுக்கும் பவளத்துக்கும் ஏறியது.

துவருக்கும் சிவப்புக்கும் உள்ள உறவு சாயமிடுவோரைக் கேட்டால் தெரியும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் காயப்போடுவார்கள். பிறகு படிக்காரம், பிறகு சாயவேர்க் கொதிநீர். துவர் ஏறாத பருத்தியில் படிக்காரம் சரியாகப் பற்றாது, சிவப்பும் நிலைக்காது. சோழமண்டலக் கரையின் இத்தொழிலைக் பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ 1742-இல் கடிதமாக எழுதினார்.

காஷாயத்துக்கும் துவர்ப்பு, செம்மை என்னும் இரு பொருளும் உண்டே என்பார்கள். வடக்கிலும் சாயப்பானையில் வெந்தது பட்டைதான் என்பதையே அது காட்டுகிறது. துவராடை துறவிகளுக்கே உரியதும் அன்று: நற்றிணையில் துவராடை உடுத்து வழிமறிப்பவர்கள் மறவர்கள், துறவிகள் அல்லர்.

சம்பந்தர் தம் பதிகங்களின் பத்தாம் பாட்டுகளில் சாடும் பௌத்தரின் துவராடைக்கு வருவோம். பிக்குகள் முதலில் சாணத்திலும் மஞ்சள் மண்ணிலும் தோய்த்து நிறம் கெட்டதால் வேர், மரம், பட்டை, இலை, பூ, காய் என ஆறு சாயங்களைப் புத்தர் அனுமதித்தார் என்கிறது வினயபிடகத்து மகாவக்கம். மண்ணுக்கு அங்கே இடமில்லை. துண்டுகளை மகத நாட்டு வயல் வரப்புபோல இணைத்துத் தைத்த ஆடை அது.

இலங்கையிலும் தாய்லாந்திலும் பிக்குகளின் சீவர ஆடைக்குச் சாயம் தந்தது பலாமரத்து வைரச் சீவல். பலாவுக்குப் பேர்போன பண்ருட்டியில் துவராடைக்குக் காவிக்கல் என்று பொருள் சொல்வது அடுக்காது. சுவை முந்தியது, நிறம் பிந்தியது. அகராதிகள் துவரின் பொருள் வரிசையை மாற்ற வேண்டும்.