நாட்டமும் நுழைவாயிலும்

"உனக்கு எதில் நாட்டம்? எந்தத் துறையைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளப் போகிறாய்?" அமெரிக்காவின் பெருங் கல்லூரிகள் தம் வாயிலில் நிற்கும் மாணவனை இவ்வாறு வினவுகின்றன. மதிப்பெண்ணை மட்டும் பாராது உள்ளத்தையும் பார்க்கிறார்களே என்று நம்மவர் மகிழ்வதுண்டு. ஆயின் இவ்வினா அவ்வாயிலுக்கு வந்து சேர்ந்த வரலாறு அத்துணைத் தூயதன்று.

ஹார்வர்டு கல்லூரி 1636-இல் தோன்றியது. நெடுங்காலம் அங்கே மாணவர் விருப்பத்துக்கு மதிப்பில்லை. இலத்தீனும் கிரேக்கமும் கற்றவனே உள்ளே வரலாம். வந்தபின் எல்லாரும் பெரும்பாலும் ஒரே பாடங்களைப் படிக்க வேண்டும். 1869-இல் தலைமைப் பொறுப்பேற்ற சார்ல்ஸ் எலியட் என்னும் வேதியியல் அறிஞர் இக்கட்டை அவிழ்த்தார். அவருடைய 40 ஆண்டுத் தலைமையில் கட்டாயப் பாடங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. தனக்குப் பிடித்ததைப் படிக்கும் உரிமை மாணவனுக்குக் கிடைத்தது. எளிய பாடங்களாகப் பொறுக்கிக்கொண்டு காலங் கழித்தவர்களும் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1909-இல் தலைவரான லாரன்ஸ் லோவல் இதற்கு ஓர் அணை கட்டினார்: ஒரு துறையில் ஆழமும் பிற துறைகளில் பரப்பும் வேண்டும் என்றார். சிறப்புப் பாடம் என்னும் ஏற்பாடு அங்கே வேரூன்றியது இவ்வாறுதான்.

இவையெல்லாம் வாயிலுக்கு உள்ளே நிகழ்ந்தவை. வாயிலிலோ, நுழைவுத் தேர்வில் தேறியவனுக்கு இடம் உண்டு. அவன் விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதரின் பிள்ளைகள் அத்தேர்வில் நன்றாகவே தேறினர். 1900-இல் ஹார்வர்டு மாணவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேராயிருந்த யூதர், 1922-இல் 21 பேராயினர். லோவலுக்கு இது பொறுக்கவில்லை. நூற்றுக்கு 15 என்று வரம்பு கட்ட முனைந்தார். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1923-இல் பேராசிரியர் குழுவும் அதை ஏற்க மறுத்தது.

முன்வாயில் அடைபட்டதும் பக்கவாயில் திறக்கப்பட்டது. விண்ணப்பத்தாளில் புதிய கேள்விகள் முளைத்தன: தந்தை பிறந்த ஊர் எது? தாயின் குடும்பப் பெயர் என்ன? பிறந்தபின் பெயரை மாற்றியதுண்டா? 1926-இல் முதலாண்டு மாணவர் தொகை 1000 என வரையறுக்கப்பட்டது. குணநலன் எடைபோடப்பட்டது, நிழற்படமும் கேட்கப்பட்டது. விளையாட்டு, சங்கப்பணி, தலைமைப் பண்பு, படிப்புக்குப் புறம்பான ஈடுபாடு ஆகியவை மதிப்பெண்ணுக்கு இணையாக வந்து அமர்ந்தது இச்சூழலில்தான். மதிப்பெண்ணை எவரும் கூட்டிப் பார்க்கலாம். குணநலனை எடைபோட்ட தராசோ அலுவலகத்துக்குள் இருந்தது.

பிரிட்டிஷ் முறையில் பழகிய நமக்கு இங்கே ஒரு மயக்கம் வரக்கூடும். அம்முறையில் மாணவன் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கிறானோ அந்தப் பாடத்துக்கே தேர்ந்தெடுக்கப்படுகிறான். ஹார்வர்டு போன்றவை கல்லூரிக்கென்று சேர்த்துக்கொள்கின்றன. துறை பின்னரே முடிவாகிறது. இளைஞனின் நாட்டம் மாறக்கூடியது என்பதை இம்முறை ஒப்புக்கொள்கிறது. இது இதன் பெருஞ் சிறப்பு என்பேன்.

ரிச்சர்ட் ஃபெய்ன்மன் என்ற நியூயார்க் சிறுவனைப் பாருங்கள். இளமையிலேயே வானொலிப் பெட்டிகளைப் பிரித்துப் பழுதுபார்த்தவர், கணிதத்தில் ஊறியவர். உண்மை நாட்டத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. யூத மாணவர்க்கு வரம்பு வைத்திருந்த கொலம்பியாவில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1935-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை ஏற்றது. அங்கே முதலில் கணிதம்; பிறகு மின்பொறியியல்; இறுதியில் இரண்டுக்கும் நடுவில் இயற்பியலில் நிலைத்தார். விண்ணப்பத்தாளில் எழுதியதையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தால், 1965-இல் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற கை எங்கே போயிருக்குமோ!

பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்குப் பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்தார். இயற்பியலிலும் கணிதத்திலும் அவர் மதிப்பெண்கள் உச்சியைத் தொட்டன. வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் மிகவும் தாழ்ந்திருந்தன. இந்த ஏற்றத்தாழ்வைப் பிரின்ஸ்டன் பொறுத்துக்கொண்டது. ஆயினும் அங்கிருந்த துறைத்தலைவர், ஃபெய்ன்மன் யூதரா என்று கடிதம் எழுதிக் கேட்டார். அவருடைய ஆசிரியர்கள் அவர் அறிவாற்றலைப் போற்றி எழுதியதோடு, தோற்றத்திலும் பழக்கத்திலும் யூதச் சாயல் தெரியாது என்றும் சேர்த்து எழுத நேர்ந்தது. அதன் பின்னர், 1939-இல், அவருக்கு இடம் கிடைத்தது.