"நலமாய்ப் போய்ச் சேருங்கள்" என்னும் பூ



நமது ஆண்டு விழா மலரில், தோட்டத்து மலர் ஒன்றின் வரலாற்றையும் வாசியுங்கள். இங்கிலாந்தின் கோடைகாலத் தோட்டங்களில் மெழுகுதிரிபோல் நிமிர்ந்து நிற்கும் நீலப் பூக்கதிர்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் ஸ்பீட்வெல். "நலமாய்ப் போய்ச் சேருங்கள், காரியம் வாய்க்கட்டும்" என்று வாழ்த்தும் சொல் அது. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் நம் பெரியவர்கள் நமக்குச் சொன்னதும் அதுதானே!

தாவரவியலில் இதற்கு வெரோனிக்கா என்று பெயர். சிலுவை சுமந்து சென்ற இயேசுவின் முகத்தைத் தன் துணியால் துடைத்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் பெயரும் இதுவே. அவரைப் பற்றி நான்கு சுவிசேஷங்களிலும் இல்லை. அது சபை மரபில் வந்த கதை. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலை அவரை நினைவுகூருகிறது. ஜெர்மனி நாட்டு மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் வெளியிட்ட மூலிகை நூலிலேயே இச்செடிக்கு வெரோனிக்கா என்ற பெயர் உண்டு. 1753இல் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் அதையே நிலைநிறுத்தினார்.

பிள்ளைகளே, ஸ்பீட்வெல் என்ற பெயரில் ஒரு கப்பலும் இருந்தது. தங்கள் மனச்சாட்சிப்படி ஆராதிக்க விரும்பி இங்கிலாந்தை விட்டு ஹாலந்தின் லைடன் நகரில் குடியேறியிருந்த சபையாரில் ஒரு பகுதியினர், 1620 ஜூலையில் டெல்ஃப்ஸ்ஹாவன் துறைமுகத்தில் அதில் ஏறினார்கள். சவுத்தாம்டனில் மேஃபிளவர் கப்பலுடன் சேர்ந்து அமெரிக்கா செல்வதே திட்டம். ஆனால் ஸ்பீட்வெல்லில் தண்ணீர் கசிந்தது. இரண்டு முறை திரும்பி வந்தார்கள். கடைசியில் அதைப் பிளிமத்தில் விட்டுவிட்டு, சிலர் பின்தங்க, மற்றவர்கள் மேஃபிளவரில் நெருக்கி இடம் பிடித்துக் கடல் கடந்தார்கள். பெயரில் வாழ்த்து இருந்தும், ஒருவருக்கொருவர் இடங்கொடுத்ததாலேயே பயணம் நடந்தது.

செடியின் கதையும் அப்படித்தான். கதிர்விட்டுப் பூக்கும் காட்டு ஸ்பீட்வெல் இன்று பிரிட்டனில் அரிது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. தோட்ட வகைகளோ பெருகியுள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது 'சன்னி பார்டர் புளூ'. 1940களில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ராபர்ட் பென்னரப் இதை உருவாக்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1993இல்தான் அந்நாட்டில் 'ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி' என்ற சிறப்பைப் பெற்றது.

இதை நீங்களும் வளர்க்கலாம். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில்படும் இடம் வேண்டும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். குளிர்காலத்தில் ஈரம் நின்றால் வேர் அழுகிவிடும். வசந்தத்தில் நடுங்கள். முதல் கோடையில் தவறாமல் நீர் ஊற்றுங்கள். கதிரில் பூக்கள் அடியிலிருந்து நுனிநோக்கி ஒவ்வொன்றாக விரியும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தேடி வரும். முழுவதும் வாடிய கதிரை, அதன்கீழ் உள்ள இலைகளுக்குச் சற்று மேலே நறுக்கிவிடுங்கள். செடி விதைக்குச் செலவிடும் சக்தி புதுக் கதிருக்குப் போகும். இலையுதிர்காலம் வரை பூக்கள் வரும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரோடு தோண்டிப் பிரித்து நட்டால், ஒரு செடி பல வீடுகளுக்குப் போகும்.

அப்படிப் பிரிக்கும்போது, புதிதாக நம் ஊருக்கு வந்த குடும்பம் ஒன்றுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். பூவின் பெயருக்கு என்ன பொருள் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.