அடைக்கலம் தந்த சிற்றூர்

பிரான்சு நாட்டின் தென்நடுப் பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலத்தில் அமைந்தது லெ ஷாம்போன் என்னும் சிற்றூர். அதன் வரலாற்றையே நாம் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1685-இல் பதினான்காம் லூயி மன்னன் புராட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தான். இவ்வூராரின் முன்னோர் மறைவிடங்களில் கூடித் தம் சமயத்தைக் காத்தனர். ஒளிந்து வாழும் துயரை வழிவழியாக அறிந்த அம்மக்கள், 1940 முதல் 1944 வரை, நாஜிகளுக்கு அஞ்சி ஓடிவந்த யூதர்களை வரவேற்றனர். மலையேறும் சிறு புகைவண்டியில் வந்திறங்கிய குழந்தைகளுக்குப் பண்ணை வீடுகளின் கதவுகள் திறந்தன. பள்ளியில் இடமும் கிடைத்தது. போதகர் ஆந்திரே திரோக்மே இத்தொண்டில் முன்னின்றார். மாணவர் விடுதியை நடத்திய அவர் உறவினர் தானியேல் திரோக்மே, 1943-இல் தம் மாணவர்களுடன் சிறைப்பட்டு, மறு ஆண்டு மைதானெக் முகாமில் உயிர்நீத்தார்.

1990-இல் இசுரேலின் யாத் வாஷெம் நிறுவனம் இவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் ஒருங்கே போற்றிச் சிறப்பித்தது.

பட்ட துன்பத்தை மறவாத நெஞ்சமே அவ்வூரார் தம் மக்களுக்கு வைத்துச் சென்ற சொத்து. பிறந்த மண்ணைவிட்டு அயலார் நடுவே வேரூன்றிய நாம், நம் தெருவிற்குப் புதிதாக வருவோர்க்கு எத்தகைய அண்டை வீட்டாராய் இருக்கின்றோம் என எண்ணிப் பார்ப்போமாக!