உழவர் கேட்கும் கேள்வி

உழவருக்குச் செய்தி சொல்லுதல் நம் நாட்டில் புதிய தொண்டன்று. மழையின் நிலையையும், விதையின் தரத்தையும், சந்தை விலையையும் ஊர்தோறும் கொண்டு செல்ல ஒவ்வொரு காலத்திலும் ஒரு கருவி முன்வந்திருக்கிறது. இன்று அக்கருவி கைப்பேசி. அதன் முன்கதையை அறிய நாம் வானொலியிலிருந்து தொடங்க வேண்டும்.

1956ஆம் ஆண்டில், யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி பூனாவிலிருந்து ஒரு சோதனையை நடத்தியது. மராத்தி பேசும் 5 மாவட்டங்களில் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு வானொலி மன்றம் அமைந்தது. வாரம் இருமுறை நிகழ்ச்சி ஒலித்தது. கேட்டவர்கள் உடனே கலைந்துவிடவில்லை, கூடி விவாதித்தார்கள், தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினார்கள், விடைகளும் ஒலிபரப்பாயின. 1959இல் இத்திட்டம் நாடெங்கும் விரிவடைந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தஞ்சைக் குடியானவர்கள் வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்ட ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

எனினும் ஒரு குறை எஞ்சியிருந்தது. ஐயம் அஞ்சலில் சென்று, விடை காற்றில் வருவதற்குள் பூச்சி பயிரைத் தின்று தீர்த்துவிடக்கூடும். அக்குறையைப் போக்க வந்தது தொலைபேசி. 2004ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மத்திய அரசு ‘கிசான் கால் சென்டர்’ என்னும் உழவர் அழைப்பு மையங்களைத் தொடங்கியது. கட்டணமின்றி அழைத்து, தம் தாய்மொழியிலேயே வினவும் வாய்ப்பு உழவருக்குக் கிட்டியது. கைப்பேசி பரவிய பின், வரப்பில் நின்றபடியே வாடிய இலையைப் பார்த்துக்கொண்டு பேசவும் முடிந்தது. 2013இல் ‘எம்-கிசான்’ தளம் தோன்றி, குறுஞ்செய்திகளை உழவரிடம் அனுப்பலாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். குறுஞ்செய்தி விரைவானது, ஒரே நேரத்தில் பல்லாயிரவரைச் சென்றடைவது. ஆயினும் எழுத்தறியாதவருக்கு அது ஊமைச் செய்தியே. மேலும், மாவட்டம் முழுமைக்கும் எழுதப்பட்ட அறிவுரை ஒருவரது களர் நிலத்தை அறியாது. வயலில் நாளெல்லாம் உழைக்கும் பெண்ணின் கையில் கைப்பேசி இல்லாவிடில், அச்செய்தி உரியவரைச் சேராமலே போகும்.

பூனா மன்றங்கள் கற்பித்த பாடம் இதுவே: சொல்பவர் கேட்கவும் வேண்டும். அன்று ஒரு கிராமத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி. அதைச் சுற்றி ஓர் ஊரே அமர்ந்தது. இன்று பலரிடம் தனித்தனிக் கருவி உண்டு. கூடியமர்ந்து ஆராயும் மன்றம் அருகிவிட்டது. கருவியோடு மன்றமும் சேருமாயின், உழவரின் கேள்விக்கு விடை கிடைப்பதோடு, அவ்விடை ஊருக்கும் பயன்படும்.