பென்னாகரமும் ஒரு கொம்பும்

அம்மா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பென்னாகரத்தில் தகரக்கூரை போட்ட இன்ஸ்டிடியூட்டில் கற்றது. கம்ப்யூட்டர் வந்தபின் வேலை போனது. ‘என் கைக்கு இது வரலை கண்ணு’ என்பாள்.

போன வருஷம், ஃபர்ம்வேரை நாமே எழுதிக்கொள்ளும் கீபோர்டு ஒன்று வாங்கினேன். கியூஎம்கே என்ற திறந்த மென்பொருள். ஒரே விசைக்கு லேயர் லேயராக வெவ்வேறு வேலை கொடுக்கலாம். மேல் லேயரில் காலியாக விட்டால் கீழ் லேயரின் விசை வேலை செய்யும். ஒரு லேயரை அம்மாவுக்கு ஒதுக்கினேன்.

கம்ப்யூட்டரில் தமிழ்99 இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்ற தளக்கோலம். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என நாலே தட்டு. புள்ளி தானாக விழும். டைப்ரைட்டரில் அஞ்சு.

விசைகளை இடம் மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அம்மா ‘பென்னாகரம்’ அடித்தாள். திரையில் ‘எப்ன்னாகர்ம’.

தப்பு அவள் கையில் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை வடிவமைத்தபோது, இருக்கும் கொஞ்ச விசைகளுக்குள் இருநூற்றுச் சொச்சம் எழுத்தை அடக்க வேண்டியிருந்தது. நகரா விசைதான் வழி. புள்ளியைத் தட்டினால் வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதற்குக் கீழேயே விழும். ஆக, புள்ளி முதலில், மெய் பிறகு. கொம்பும் அப்படித்தான்: கையால் எழுதும்போது கொம்பைத்தானே முதலில் போடுகிறோம்? அந்த மெஷின் எழுத்தின் உருவத்தைப் பின்தொடர்ந்தது. தமிழ்99 ஒலியைப் பின்தொடர்கிறது: முதலில் ப, அப்புறம் எ.

அதாவது அம்மாவுக்கு மாறிப்போனது விசைகளின் இடம் மட்டுமில்லை, எழுத்துகளின் வரிசையும்தான். லேயர் இடத்தைத்தான் மாற்றும். வரிசைக்கு நிரல் வேண்டும். கொம்போ புள்ளியோ வந்தால் உடனே அனுப்பாமல் பிடித்து வை. அடுத்த மெய்யை முதலில் அனுப்பு. பிறகு பிடித்து வைத்ததை விடு. இருபது வரிகூட இல்லை. ‘கொ’வுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஞாயிறு மதியம் மறுபடி உட்கார வைத்தேன். கீழே பார்க்காமல் அடித்தாள். ‘பென்னாகரம்’ என்று சரியாக வந்தது.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: ‘இவ்ளோதானா? இதை அப்பவே யாராச்சும் செஞ்சிருக்கலாமே கண்ணு.’